கணக்குக் கேட்ட அறுவை மருத்துவர்

1812 ஜனவரியில் ஜோசப் ஹியூம் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் விலை கொடுத்து ஒரு நாடாளுமன்ற இடத்தை வாங்கினார். இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் வேமத் என்ற துறைமுக ஊரின் இடம் அது. அப்போது அவருக்கு 35 வயது. இந்தியாவில் ஏறக்குறைய 40,000 பவுன் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பியிருந்தார். நாடாளுமன்ற இடங்களை விற்கக் கூடாது என்று 1809இல் சட்டம் வந்திருந்தும் வியாபாரம் நிற்கவில்லை. வாக்குகளைக் கைக்குள் வைத்திருந்த குடும்பங்கள் இருந்தன. அவற்றோடு பேரம் பேசப் பணக்காரர்களும் இருந்தார்கள். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் நாடாளுமன்றம் கலைந்தது. அடுத்த தேர்தலிலும் அவரையே அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருந்தவர்கள் கைவிரித்துவிட்டார்கள். கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை ஹியூம் விடாமல் போராடித் திரும்பப் பெற்றார்.

இதே மனிதர்தான் 1818இல் மீண்டும் காமன்ஸ் சபைக்குள் வந்தார். 1841இல் ஒரு தோல்வி, அதனால் சில மாத இடைவெளி. அது தவிர, 1855இல் இறக்கும்வரை அங்கேயே இருந்து பிரிட்டிஷ் அரசாங்கத்திடம் கணக்குக் கேட்டார். தொழிலாளர் சங்கம் சேர்வது குற்றம் என்றிருந்த சட்டத்தை நீக்கவைத்தார். லண்டன் நாடாளுமன்றத்தில் இந்தியாவுக்கும் உறுப்பினர் வேண்டும் என்று 1831லேயே கேட்டார். இவ்வளவும் செய்தவருக்கு ஆங்கில வரலாற்று நூல்கள் பெரும்பாலும் சில வரிகளே ஒதுக்குகின்றன. ‘சிக்கனக்காரர்’ என்ற ஒரு சொல்லோடு அவரைத் தாண்டிப் போய்விடுகின்றன. அது அநியாயம் என்று நினைக்கிறேன். வரி கட்டுகிறவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு என்ற ஒற்றை எண்ணத்தை அவர் வாழ்நாள் முழுக்க விடாமல் இழுத்துக்கொண்டு போனார். அந்த எண்ணம் அவரைப் பிறர் எட்டாத இடங்களுக்குக் கொண்டுபோனது. சில இடங்களில் கண்ணையும் கட்டியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மனிதர் பிடிபடுவார்.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் மாண்ட்ரோஸ் என்ற சிறு துறைமுகத்தில் 1777 ஜனவரி 22 அன்று ஹியூம் பிறந்தார். தகப்பனார் கப்பல் தலைவர். மகன் சிறுவனாக இருக்கும்போதே அவர் இறந்துவிட, தாய் மண்பாண்டமும் பீங்கானும் விற்கும் சிறு கடை வைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். மாண்ட்ரோஸ் பள்ளியில் இவருக்கு மூத்த மாணவராக இருந்தவர் ஜேம்ஸ் மில். பின்னாளில் இந்தியாவைக் கண்ணால் பாராமலே இந்திய வரலாறு எழுதிப் புகழ்பெற்ற அதே மில். 13 வயதில் ஹியூம் ஊரிலிருந்த ஒரு மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். மருந்து இடிப்பது, கட்டுப் போடுவது, ரத்தம் எடுப்பது என்று மூன்றாண்டு.

1793இல் படிக்க எடின்பரோ போனார். அந்த ஆண்டை அந்த நகரம் மறக்கவில்லை. எல்லாருக்கும் வாக்குரிமை கேட்ட தாமஸ் முயர் என்ற வழக்கறிஞரை எடின்பரோ நீதிமன்றம் அந்த ஆகஸ்டில்தான் 14 ஆண்டு நாடுகடத்தியது. அவரைத் தொடர்ந்து மேலும் நான்கு பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1844 ஆகஸ்டில், அந்த ஐவருக்கும் எடின்பரோவின் கால்டன் குன்று இடுகாட்டில் உயரமான கல்தூண் எழுப்பினார்கள். அதற்கு அடிக்கல் நாட்டியவர் ஹியூம்.

1796இல் அறுவை மருத்துவர் என்ற தகுதி கிடைத்தது. ஏழை ஸ்காட்லாந்து இளைஞர்களுக்கு அன்று திறந்திருந்த பெரிய வாசல் கிழக்கிந்தியக் கம்பெனி. அதற்குள் நுழையப் படிப்போடு சிபாரிசும் வேண்டும். தன் ஊர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு கம்பெனி இயக்குநர் தயவில் ஹியூமுக்கு அது கிடைத்தது. கம்பெனிக் கப்பலில் உதவி மருத்துவராகப் புறப்பட்டார். பயணத்தின் நடுவே கப்பலின் கணக்கர் இறந்துபோனார். சரக்கு, தண்ணீர், ரொட்டி, மாலுமிகளின் படி, பயணிகளின் பாக்கி எல்லாவற்றையும் எழுதி வைக்கும் பொறுப்பு அவருடையது. அந்த வேலையை இளம் மருத்துவர் எடுத்துக்கொண்டு கரை சேரும்வரை குறைவில்லாமல் நடத்தினார். அவர் வாழ்க்கையைப் படிக்கும்போது நான் முதலில் நின்ற இடம் இதுதான். கத்தி பிடிக்கப் பழகிய கையில் பேரேடு வந்து சேர்ந்தது. பிறகு அதை அவர் கீழே வைக்கவில்லை.

வங்காளத்தில் இறங்கியதும் ஹிந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றார். கம்பெனியின் மருத்துவர்களில் பலர் துபாஷிகளை நம்பியே காலம் தள்ளினார்கள். மொழி தெரிந்தவருக்கு மருத்துவமனைக்கு வெளியே எத்தனை கதவு திறக்கும் என்பது ஹியூமுக்கு விரைவிலேயே புரிந்தது. 1803இல் மராட்டியப் போர் மூண்டபோது புந்தேல்கண்டுக்குப் போன படையில் மருத்துவராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் சேர்ந்தார். அங்கே ஒரு சிக்கல். படையின் வெடிமருந்து ஈரம் பிடித்துக் கிடந்தது. வெடிமருந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நனைந்த மருந்து தீப்பிடிக்காது. சூடு காட்டி உலர்த்தப் போனால் கிடங்கே வெடித்துவிடும். படிக்கும் காலத்தில் கற்ற வேதியியலை வைத்து, ஆபத்தில்லாமல் அதை உலர்த்தும் வழி ஒன்றை ஹியூம் கண்டுபிடித்துக் கொடுத்தார். தளபதிகள் கண்ணில் பட்டார். பிறகு படைக்குச் சம்பளம் பட்டுவாடா, தபால், தானிய வழங்கல், கைப்பற்றிய பொருளைப் பங்கிடும் முகவர் வேலை என்று பதவிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. எல்லாமே பணம் புழங்கும் இடங்கள்.

40,000 பவுன் சேர்ந்தது இப்படித்தான். இதை மழுப்பிச் சொல்லக் கூடாது. அந்தப் பணம் போரிலிருந்து வந்தது. இந்திய மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. ஹியூம் திருடியதாக யாரும் குற்றம்சாட்டவில்லை. கம்பெனி அனுமதித்த வழிகளிலேயே அவ்வளவு திரட்ட முடிந்தது. அரசுப் பணம் எந்தெந்த ஓட்டை வழியாக ஒழுகும் என்பதையும் அவர் அங்கேதான் கற்றார்.

1807வாக்கில் கம்பெனி வேலையை விட்டு ஊர் திரும்பினார். அடுத்த சில ஆண்டுகள் இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்பெயின், கிரீஸ், துருக்கி, எகிப்து என்று சுற்றினார். வேமத்தில் இடத்தை இழந்த பிறகு ஆறாண்டு சபைக்கு வெளியே இருந்தார். கம்பெனியின் இயக்குநராக முயன்று தோற்றார். ஆனால் பங்குதாரர் கூட்டங்களில் எழுந்து நிர்வாகத்தைக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். பழைய பள்ளித் தோழர் மில் அவரைச் சீர்திருத்தக்காரர்களின் வட்டத்துக்குள் இழுத்தார். சேரிங் கிராஸில் தையல்கடை நடத்தி வந்த பிரான்சிஸ் பிளேஸிடம் அறிமுகப்படுத்தியவரும் மில்தான். பிளேஸுக்கு ஹியூமை முதலில் பிடிக்கவில்லை. மந்தமானவர், தன்னலக்காரர் என்று நினைத்தார். பழகப் பழக, சொன்னதைக் கேட்டுக்கொள்ளும், எடுத்த வேலையை விடாத ஒருவர் கிடைத்திருக்கிறார் என்று கண்டுகொண்டார்.

1818இல் அபர்டீனும் மாண்ட்ரோஸும் சில சிறு நகரங்களும் சேர்ந்த தொகுதி ஹியூமைத் தேர்ந்தெடுத்தது. நெப்போலியன் போர்கள் முடிந்து மூன்றாண்டு ஆகியிருந்தது. கடன் மலையாகக் கிடந்தது. ரொட்டி விலை ஏறியிருந்தது. வருமான வரியைப் போரோடு எடுத்துவிட்டதால் சுமை முழுதும் சாமானியர் வாங்கும் பொருள்களின் மேல் விழுந்தது. அப்போது மானியக் கோரிக்கைகள் சபையில் எப்படி நிறைவேறின என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தரைப்படை, கப்பற்படை, பீரங்கித் துறை, சிவில் செலவு என்று தனித்தனி மதிப்பீடுகள் வரும். பெரும்பாலும் இரவு வேளை. உறுப்பினர்கள் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்கள். மிஞ்சியவர்கள் தலையாட்ட, லட்சக்கணக்கான பவுன் நிமிடங்களில் ஒப்புதலாகும்.

ஹியூம் போகவில்லை. உட்கார்ந்தார். ஒவ்வொரு இனத்தையும் எழுப்பினார். இந்தக் கோட்டையில் படையே இல்லையே, தளபதிக்கு ஏன் சம்பளம்? சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு ஏன் கூடுதல்? வரி வசூலிக்கிற செலவே வசூலில் இவ்வளவு தின்றால் மிச்சம் என்ன? வெட்டுத் தீர்மானம் கொடுப்பார், வாக்கெடுப்புக் கேட்பார், தோற்பார், அடுத்த இனத்துக்குப் போவார். சொந்தச் செலவில் எழுத்தர்களை அமர்த்தி, அரசின் அச்சிட்ட அறிக்கைகளை ஆண்டுவாரியாக ஒப்பிட்டுப் பட்டியல் போடவைத்தார். நல்ல பேச்சாளர் அல்ல. உச்சரிப்பில் மாண்ட்ரோஸ் வாடை போகவே இல்லை, வாக்கியங்கள் தடுமாறின. அமைச்சர்கள் சலித்தார்கள், அவருடைய தரப்பினரும் சலித்தார்கள். ஆனால் 1820 முதலான ஆண்டுகளில், ஹியூம் கேட்பார் என்ற நினைப்போடுதான் துறைகள் மதிப்பீடு தயாரிக்க வேண்டியிருந்தது. ஒரு சபையின் பழக்கம் மாற அதுவே போதும். செலவான பணத்தின் கணக்கை ஆராய்ந்து சபையிடம் சொல்லும் பொதுக் கணக்குக் குழு பிரிட்டனில் 1861இல்தான் அமைந்தது. அதற்கு நாற்பதாண்டு முன்பே ஒரு தனி ஆள் தன் கைப்பணத்தில் அந்த வேலையைப் பார்த்திருக்கிறார்.

1824ஆம் ஆண்டுக் கதையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கூலி உயர்வுக்காகத் தொழிலாளர்கள் ஒன்றுசேர்வதை 1799, 1800ஆம் ஆண்டுச் சட்டங்கள் குற்றமாக்கியிருந்தன. தண்டனை மூன்று மாதச் சிறை, அல்லது இரண்டு மாதக் கடுங்காவல். முதலாளிகள் சேர்ந்து கூலியைக் குறைப்பதும் தடைதான். ஆனால் அதற்கு அபராதம் மட்டுமே, அதையும் யாரும் கட்டியதாகத் தெரியவில்லை. பிளேஸ் பத்தாண்டு இந்தச் சட்டத்துக்கு எதிராக எழுதிக்கொண்டிருந்தார். ஹியூம் சபையில் ஒரு விசாரணைக் குழுவைப் பெற்று அதன் தலைவரானார். பெயருக்கு அது கைவினைஞர்கள் வெளிநாடு போவது, இயந்திர ஏற்றுமதி, தொழிலாளர் கூட்டு மூன்றையும் ஆராயும் குழு. சாட்சி சொல்ல வாருங்கள் என்று ஊர் ஊராகச் செய்தி போயிற்று. நெசவாளர், தொப்பி தைப்பவர், கப்பல் கட்டும் தச்சர் என்று லண்டன் வந்தவர்கள் நேரே போனது பிளேஸ் வீட்டுக்கு.

பிளேஸைக் குழு அறைக்குள் உதவியாளராகக்கூட விடவில்லை. அவர் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு தொழிலாளியையும் விசாரித்தார், குறுக்குக் கேள்வி கேட்டார். தங்கள் துன்பங்கள் எல்லாவற்றுக்கும் இயந்திரமும் வரியுமே காரணம் என்று நம்பி வந்தவர்களிடம், சொல்ல வேண்டியதை மட்டும் பிரித்தெடுத்தார். ஒவ்வொரு சாட்சிக்கும் ஒரு தாள்: என்ன கேட்க வேண்டும், என்ன பதில் வரும். ஒரு படி ஹியூமின் மேசைக்கு, ஒரு படி சாட்சியின் கைக்கு. கேள்வி கேட்கும் தலைவர், பதில் சொல்லும் தொழிலாளி, இருவருக்கும் பின்னால் ஒரு தையற்காரர். சபையில் விவாதம் கிளம்பக் கூடாது என்பதற்காக ஹியூம் வழக்கமான நீண்ட அறிக்கையைத் தவிர்த்து, வெறும் தீர்மானங்களாகக் குழுவின் முடிவைக் கொடுத்தார். மசோதா இரு அவைகளிலும் ஏறக்குறைய யாரும் கவனிக்காமலே நிறைவேறியது.

உடனே வேலைநிறுத்தங்கள் வெடித்தன. வியாபாரம் செழித்து விலையும் ஏறிய நேரம். கூலி கேட்காமல் இருப்பார்களா? முதலாளிகள் அலறினார்கள். 1825இல் அரசு தன் பிடியில் இன்னொரு குழுவை அமைத்துப் பழைய சட்டத்தையே கொண்டுவரப் பார்த்தது. ஹியூம் அந்தக் குழுவிலும் நின்று போராடினார். கடைசியில் வந்த சட்டம் மிரட்டுவதையும் தடுப்பதையும் கடுமையாகத் தண்டித்தது. ஆனால் கூலிக்காகவும் வேலை நேரத்துக்காகவும் ஒன்றுகூடும் உரிமையை அதனால் பிடுங்க முடியவில்லை. பிரிட்டிஷ் தொழிற்சங்கங்கள் காலூன்றிய மண் அந்த மிச்சம்தான்.

அவர் சறுக்கிய இடங்களையும் சொல்ல வேண்டும். கிரேக்க விடுதலைப் போருக்காக லண்டனில் கடன் திரட்டியபோது அவர் 10,000 பவுனுக்குக் கடன் பத்திரம் வாங்கினார். விலை சரிந்ததும், நஷ்டத்திலிருந்து தன்னை விடுவிக்கும்படி கிரேக்கப் பிரதிநிதிகளிடம் கேட்டார். அவர்கள் பத்திரத்தை எடுத்துக்கொண்ட பிறகு விலை ஏறியது. அப்போது தனக்குச் சேர வேண்டிய பணம் என்று அதையும் கேட்டு வாங்கினார். 1826இல் பத்திரிகைகள் இதை வெளியே கொண்டுவந்தன. பிறர் கணக்கை நோண்டியவருக்கு அது ஆறாத கறை. இன்னொன்று அதைவிடப் பெரிது. ஆலைகளில் வேலை நேரத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்துவதை அவர் எதிர்த்தார். தொழிலாளி சுதந்திரமாகச் சங்கம் சேரட்டும், சுதந்திரமாகப் பேரம் பேசட்டும், அரசு நடுவே வரக் கூடாது என்பது அவர் நம்பிய பொருளாதாரம். பஞ்சாலைச் சிறுமி யாரோடு பேரம் பேசுவாள்? மருத்துவராகப் படித்தவர் இதைக் காணத் தவறியதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. வீட்டுப் பக்கமும் ஒரு நிழல் இருந்தது. அவர் மணந்த மரியா பர்ன்லியின் சகோதரர் டிரினிடாட் தீவில் மிக அதிகமான அடிமைகளை வைத்திருந்த தோட்ட முதலாளி.

உள்நாட்டில் அவர் செய்த மற்றவற்றை விரைந்து சொல்லிவிடலாம். படைவீரர்களைக் கசையால் அடிப்பதையும், கடன் கட்ட முடியாதவரைச் சிறையில் போடுவதையும் எதிர்த்தார். அருங்காட்சியகங்களையும் ஹாம்ப்டன் அரண்மனையையும் சாதாரண மக்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிடப் போராடினார். லண்டன் பல்கலைக்கழகத்தை நிறுவியவர்களில் ஒருவர். 1836இல் வெளியான நாலு பென்னி வெள்ளிக்காசுக்கு மக்கள் ‘ஜோயி’ என்று பெயர் வைத்தார்கள். அதைக் கொண்டுவரச் சொன்னவர் ஜோசப் ஹியூம் என்பதால். அதுவரை குறுந்தூரச் சவாரிக்கு ஆறு பென்னி கொடுத்துச் சில்லறை வாங்காமல் போனவர்கள் இப்போது சரியாக நாலு பென்னியை நீட்டினார்கள். வண்டிக்காரர்களுக்கு அந்தக் காசு பிடிக்கவே இல்லை. 1840இல் அவர் தலைமை தாங்கிய இறக்குமதித் தீர்வைக் குழு, 1,100க்கு மேற்பட்ட பொருள்கள்மேல் விதிக்கப்பட்ட தீர்வையில் வெறும் 17 பொருள்களே வருவாயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தருவதைக் காட்டியது. ஏழைகளின் உணவின் மேலிருந்த தீர்வைகளைப் பின்னால் குறைக்க வந்தவர்கள் எல்லாரும் அந்த அறிக்கையைத்தான் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

நமக்கு அவர் நெருங்கி வரும் இடம் காலனிகள். 1831 ஆகஸ்டில், தேர்தல் முறையை மாற்றும் பெரிய சீர்திருத்த மசோதா விவாதத்தில் இருந்தபோது, ஹியூம் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். காலனிகளுக்கு 19 உறுப்பினர்கள் வேண்டும். அவர்களில் நால்வர் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு. வாக்கெடுப்புக்குக்கூடப் போகாமல் அது தள்ளப்பட்டது. அந்த நால்வரை யார் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று பார்த்தால், வரப்போவது மக்களாட்சி அல்ல என்பது தெரியும். ஆனால் வரி எங்கே வசூலாகிறதோ அந்த இடத்தின் குரல் செலவு முடிவாகும் இடத்தில் இருக்க வேண்டும் என்ற அவருடைய கணக்கு, கடலைத் தாண்டும்போதும் மாறவில்லை. அந்த அவையில் அப்படிக் கணக்குப் போட்டவர்கள் சொற்பம். 1834இல் கனடாவின் சீர்திருத்தத் தலைவர் வில்லியம் லயன் மெக்கன்சிக்கு அவர் எழுதிய கடிதம், தாய்நாட்டின் ஆதிக்கத்திலிருந்து கனடா விடுபடும் நாள் வரும் என்று பேசியது. மெக்கன்சி அதை அச்சிட, ராஜதுரோகம் என்று இரு கரையிலும் கூச்சல் எழுந்தது.

கம்பெனி 1839இல் சதாராவின் அரசர் பிரதாப் சிங்கைப் பதவியிலிருந்து இறக்கிக் காசிக்கு அனுப்பியது. அவருடைய வக்கீல் ரங்கோ பாபுஜி நீதி கேட்டு லண்டன் வந்து பத்தாண்டுகளுக்கு மேல் அங்கேயே காத்துக் கிடந்தார். அந்த வழக்கின் ஆவணங்களைச் சபையின் முன் வை என்று விடாமல் கேட்டவர்களில் ஹியூம் முக்கியமானவர். அரசர் நாடுகடத்தப்பட்ட இடத்திலேயே 1847இல் இறந்தார். அடுத்த ஆண்டு சதாராவே கம்பெனியின் வயிற்றுக்குள் போயிற்று. அதே 1848இல் இலங்கையில் ஆளுநர் டொரிங்டன் பிரபு நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் வரி போட்டு, சாலை வேலைக்குக் கட்டாய உழைப்பும் விதித்தார். மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் எழுந்தார்கள். ராணுவச் சட்டம் வந்தது. கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு பௌத்தத் துறவி காவியுடையோடு சுடப்பட்டார். லண்டனில் ஹென்றி பெய்லி என்ற உறுப்பினர் விசாரணைக் குழு கேட்டபோது ஹியூம் அவரோடு நின்றார். அப்போது 72 வயது. குழு அமைந்தது. விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, 1850இல், டொரிங்டன் பதவியை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

1855 பிப்ரவரி 20 அன்று நார்ஃபோக்கில் உள்ள தன் வீட்டில் ஹியூம் இறந்தார். அப்போதும் அவர் மாண்ட்ரோஸ் தொகுதியின் உறுப்பினர்.

அவருடைய மகன்களில் ஒருவர் தகப்பன் சேர்ந்து நிறுவிய அதே லண்டன் கல்வி நிறுவனத்தின் மருத்துவமனையில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு, 1849இல் வங்காளத்துக்குக் கப்பலேறினார். பெயர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். எடாவா மாவட்டத்தில் கலெக்டராக இருந்து, இந்தியப் பறவைகளின் மாபெரும் சேகரத்தைத் திரட்டி, 1882இல் ஓய்வு பெற்று, 1885 டிசம்பரில் பம்பாயில் இந்திய தேசிய காங்கிரஸைக் கூட்டியவர் அவர்தான். வந்தவர்கள் 72 பேர். முதல் தீர்மானத்தைச் சென்னையின் ‘ஹிந்து’ ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் முன்மொழிந்தார். இந்திய நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பதை விசாரிக்க அரச ஆணையம் வேண்டும் என்று அது கேட்டது. அரசு உத்தேசித்திருந்த படைச் செலவு உயர்வு தேவையற்றது, அளவுக்கு மீறியது என்று அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது.